வினைல் மாஸ்டர் வெட்டுபவர் ஏன் இத்தனை நிபந்தனை போடுகிறார்?

கேள்வி இதுதான்: உங்கள் குழுவின் ஆல்பத்தை வினைல் இசைத்தட்டாகக் கொண்டுவரப் போகிறீர்கள், டிஜிட்டல் மாஸ்டர் தயார், பக்கத்துக்கு 26 நிமிடம். அதை அச்சடிப்பதற்கான மூலத் தகட்டை வெட்டித் தரப்போகிறவர் கேட்டுப் பார்த்துவிட்டு, நேரத்தைக் குறையுங்கள், அடி பாஸை மோனோ ஆக்குங்கள், பாடகியின் 'ஸ', 'ச' ஒலிகள் கூர்மையாக இருக்கின்றன, கடைசிப் பாட்டை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று நான்கு நிபந்தனை போட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 1970-களின் எந்திரம், அதனால்தான் முடியவில்லையா, புது எந்திரம் வைத்திருப்பவரிடம் போனால் கொடுத்ததை அப்படியே வெட்டித் தருவார்களா என்று கேட்கிறீர்கள்.

நான்கிலும் அவர் சொன்னதுதான் சரி. எந்திரத்தின் வயதுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஜெர்மனியில் ஒரு வெட்டும் அறையில் இரண்டு ஆண்டு உதவியாளனாக இருந்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் கொடுப்பது ஃபைல், ஆனால் அவர் கையில் இருப்பது நிலம். ஒரு பக்கத்துக்கு இவ்வளவுதான் நிலம் என்று அளந்து கொடுத்தாகிவிட்டது. சத்தம், பாஸ், நேரம் மூன்றும் அந்த ஒரே நிலத்துக்குத்தான் போட்டி போடுகின்றன. எவ்வளவு நல்ல எந்திரம் வந்தாலும் அந்த நிலம் ஒரு மில்லிமீட்டர்கூட வளராது.

முதலில் எந்திரத்தைப் பார்த்துவிடலாம். இதற்குப் பெயரே லேத்துதான். நம் ஊர் லேத் பட்டறையில் இரும்பைக் கடைவதைப் பார்த்திருப்பீர்கள், பொருள் சுற்றும், உளி ஒரு திருகுத் தண்டின் மேல் மெல்ல நகரும், சீவல் சுருண்டு விழும். இங்கேயும் அதே வேலைதான், கடையப்படும் பொருள்தான் வேறு. 12 அங்குல இசைத்தட்டுக்கு 14 அங்குல அலுமினியத் தகடு எடுப்பார்கள், கண்ணாடி மாதிரி மழமழப்பாக்கி அதன் மேல் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசியிருக்கும். நகப்பூச்சில் இருக்கிற அதே வகைச் சரக்கு, பெட்டியைத் திறந்தால் வாசனையும் கிட்டத்தட்ட அதேதான். இதை 'அசிடேட்' என்று அழைப்பது வழக்கம், ஆனால் இதில் அசிடேட் இல்லை. லாக்கர் என்கிற பெயரை வைத்து அரக்கு என்று நினைத்தால் அதுவும் இல்லை. அரக்கு இருந்தது பழைய 78 சுற்றுத் தட்டுகளில், அதற்கான அரக்கு பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் உலகம் முழுக்கப் போனது. பாண்டவர்களின் அரக்கு மாளிகை எப்படித் தீப்பிடித்ததோ அதைவிட வேகமாகப் பிடிக்கும் இந்த லாக்கர், அதைப் பின்னால் சொல்கிறேன்.

தகட்டைக் கனமான சுழல்மேடையில் வைத்தால் கீழிருந்து காற்றை உறிஞ்சி அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும். மேலே வெட்டுத்தலை. அதற்குள் இரண்டு கம்பிச்சுருள்கள், ஒலிபெருக்கிக்குள் இருப்பதைப் போலவே, ஆனால் காகிதக் கூம்பைத் தள்ளுவதற்குப் பதிலாக ஓர் ஊசியைத் தள்ளுகின்றன. ஊசி நீலக்கல்லிலோ மாணிக்கக்கல்லிலோ செய்தது, கடுகைவிடச் சிறிய வேலைப்பாடு. அதைச் சுற்றி மெல்லிய கம்பி ஒன்றைச் சுற்றி மின்சாரம் விட்டுச் சூடாக்குவார்கள், சூடான கத்தி வெண்ணெயில் இறங்குவதைப் போல லாக்கரில் இறங்குவதற்காக. ஊசி வெட்டிக்கொண்டு போகும் பள்ளத்துக்குப் பெயர் சால், உழவில் சொல்வது போலவே. குளிர்ந்த ஊசியால் வெட்டினால் சாலின் சுவர் சொரசொரப்பாகி, இசைக்கு அடியில் ஓர் இரைச்சல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஊசி இறங்கியவுடன் முதலில் பார்ப்பது சீவலைத்தான். தலைமுடியைவிட மெல்லிய கறுப்பு இழை, அறுபடாமல் எழுந்து வரும், ஊசிக்குப் பின்னாலேயே இருக்கும் உறிஞ்சு குழாய் அதை இழுத்துக்கொண்டு போகும். இருபது நிமிடப் பக்கத்தில் அந்த இழையின் நீளம் 400 மீட்டருக்கு மேல். இடையில் எங்காவது குழாய்க்குத் தப்பி ஊசியில் சுற்றிக்கொண்டால் அந்தப் பக்கமே போச்சு, புதுத் தகடு போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒட்டு, வெட்டு, அழித்தல் எதுவும் கிடையாது. நான் வேலை கற்றுக்கொண்ட முதல் மாதம் முழுக்க என் பொறுப்பு அந்தக் குழாய் மட்டும்தான். கண்ணாடி வழியாகச் சீவல் ஓடுவதை இருபது நிமிடமும் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், பாட்டைக் கேட்கக் கூடாது, பார்க்க மட்டும்தான். சேர்ந்த சீவல் நேராகத் தண்ணீர் ஊற்றிய ஜாடிக்குள் போகும், ஒரு பொறி பட்டால் பஞ்சு மாதிரி குப்பென்று பிடித்துக்கொள்ளும் பொருள் அது.

சரி, இப்போது உங்கள் 26 நிமிடத்துக்கு வருவோம். 12 அங்குலத் தட்டில் இசைக்கு இருக்கும் பட்டை, வெளியே 146 மில்லிமீட்டர் ஆரத்திலிருந்து உள்ளே சுமார் 60 மில்லிமீட்டர் ஆரம் வரை, அதாவது 86 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 33⅓ சுற்று. 26 நிமிடத்துக்கு 867 சுற்று. வகுத்துப் பாருங்கள், ஒரு சுற்றுக்குக் கிடைப்பது பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான், பாட்டுகளுக்கு நடுவில் விடும் இடைவெளி வேறு இதிலேயே அடங்க வேண்டும். எதுவும் ஒலிக்காத மௌனச் சாலுக்கே 50 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) அகலம் வேண்டும், அதாவது பாதி நிலம் சும்மா இருப்பதற்கே போய்விட்டது. மிச்சமிருக்கும் பாதியில்தான் சால் இடமும் வலமும் நெளிய வேண்டும், பக்கத்துச் சாலைத் தொடாமல் நடுவில் கொஞ்சம் வரப்பும் விட வேண்டும். அதே பட்டையில் 20 நிமிடம் மட்டும் வெட்டினால் சுற்றுக்கு 129 மைக்ரான் கிடைக்கும். நெளிய இருக்கிற இடம் 49 மைக்ரானிலிருந்து 79 ஆகிவிடுகிறது பாருங்கள், ஆறு நிமிடத்தைக் குறைத்ததில் எவ்வளவு பெரிய வித்தியாசம்.

'அகல உழுவதினும் ஆழ உழு' என்பார்கள். இந்த நிலத்தில் அது செல்லாது. ஊசியின் முனை 90 பாகை, சால் V வடிவம், எவ்வளவு ஆழம் போகிறோமோ அதைப் போல இரண்டு மடங்கு அகலம் தானாக வந்துவிடும். ஆழ உழுதால் அகலமாகவும் உழுதாகிவிட்டது, நிலமும் செலவாகிவிட்டது.

சத்தமான இடத்தில் சால் அதிகம் நெளியும், அமைதியான இடத்தில் கோடு மாதிரி போகும். அதனால் எல்லாச் சுற்றுக்கும் ஒரே இடைவெளி கொடுப்பது வீண். ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் செய்த லேத்துகளின் பெரிய திறமை இங்கேதான் இருக்கிறது: அவை வரப்போகும் இசையை முன்கூட்டியே கேட்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் அகலம் விடும். டேப் காலத்தில் இதற்கென்றே தனியாக ஒரு டேப் எந்திரம் இருந்தது, அதில் முதலில் ஒரு 'முன்கேட்கும்' தலை, அப்புறம் டேப் நான்கைந்து உருளைகளைச் சுற்றிக்கொண்டு தாமதமாக வந்து சேரும் உண்மையான தலை. முதல் தலை லேத்திடம் 'சத்தம் வருகிறது, தள்ளிப் போ' என்று சொல்லும், இரண்டாவது தலை வெட்டுகிறவரிடம் இசையைக் கொடுக்கும். இன்று கணினியிலிருந்தே இரண்டு ஓட்டமாக விடலாம், ஒன்று மற்றொன்றுக்கு முன்னால்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று. ஸ்டீரியோ சாலின் உட்சுவர் இடது சானல், வெளிச்சுவர் வலது சானல். ஊசி வெளியிலிருந்து உள்ளே போகிறது. வலது சானலில் பெரிய சத்தம் வந்தால் அது ஏற்கெனவே வெட்டி முடித்த சாலின் பக்கம் புடைக்கும், அதனால் அதை முன்கூட்டியே தெரிந்து விலக வேண்டும். இடது சானலின் சத்தம் புடைப்பதோ இன்னும் வெட்டாத நிலத்தின் பக்கம், அதை 1.8 நொடி, அதாவது ஒரு முழுச் சுற்று, நினைவில் வைத்திருந்து அடுத்த சுற்றில் விலகினால் போதும். எந்திரம் ஒரு காதால் எதிர்காலத்தையும் மறு காதால் கடந்த காலத்தையும் கேட்டுக்கொண்டே நடுவில் வெட்டுகிறது.

நிலம் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் டிஸ்கோ காலத்து நியூயார்க்கில் இருக்கிறது. 1970-களின் நடுவில் டாம் மோல்டன் என்ற ரீமிக்ஸ் கலைஞர் ஒரு பாட்டை வெட்டப் போனார், வெட்டுபவர் ஹோசே ரோட்ரிகஸ். 7 அங்குலத் தகடு தீர்ந்துவிட்டது, 10 அங்குலம்தான் இருந்தது. ஓரத்தில் மட்டும் வளையமாகச் சாலும் நடுவில் வெறும் பொட்டலுமாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது, சாலைப் பரப்பி வெட்டலாமே என்று பார்த்தார்கள். பரப்ப வேண்டுமானால் சத்தத்தைக் கூட்ட வேண்டும், கூட்டினார்கள். போட்டுக் கேட்டபோது பாஸும் பலமும் அவர்கள் அதுவரை கேட்காத அளவுக்கு இருந்தன. 12 அங்குல சிங்கிள் என்ற வடிவம் அங்கிருந்துதான் கிளம்பியது.

அடுத்தது பாஸ். ஸ்டீரியோவை ஒரே சாலுக்குள் வைக்கும் வழியை பிரிட்டனில் ஈஎம்ஐயின் ஆலன் புளூம்லைன் 1931-இலேயே காப்புரிமையில் எழுதிவிட்டார். அமெரிக்காவில் வெஸ்ட்ரெக்ஸ் நிறுவனம் அந்த 45/45 முறையில் வெட்டுத்தலை செய்து காட்டியது 1957-இல். ஒவ்வொரு சானலும் 45 பாகை சாய்ந்த ஒரு சுவருக்கு. இரண்டு சானலிலும் ஒரே ஒலி இருந்தால் ஊசி பக்கவாட்டில் ஆடும். இரண்டிலும் எதிரெதிராக இருந்தால் மேலும் கீழும் ஆடும். உங்கள் சின்த் பாஸில் ஏதோ 'ஸ்டீரியோ விரிவு' போட்டிருப்பீர்கள், ஹெட்போனில் கேட்க அருமையாக இருக்கும், ஆனால் லேத்தில் அது ஊசியைச் செங்குத்தாகத் தூக்கிப் போடுகிறது. மேலே போனால் சால் மெலிந்து, ஒரு கட்டத்தில் ஊசி லாக்கரை விட்டே எழுந்துவிடும், அங்கே சாலே இல்லை. கீழே போனால் சால் அகன்று பக்கத்துச் சாலில் ஏறும், இன்னும் போனால் அலுமினியத்தில் மோதி நீலக்கல் உடையும். ஒருமுறை எங்கள் அறையிலேயே இது நடந்தது. பாஸைச் சோதிக்க வேண்டியவன் நான், அவசரத்தில் விட்டுவிட்டேன். வெட்டி முடித்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஆற்றுப்படுகை மாதிரி அகன்று வந்த சால் திடீரென்று நூலாக மெலிந்து, ஒரு மயிரிழை தூரத்துக்குக் காணாமலே போய், மறுபடி தொடங்கியிருந்தது. வாங்கியவர் வீட்டில் ஊசி குதிக்கும் இடம் அதுதான். அன்றிலிருந்து ஃபைல் வந்ததும் நான் முதலில் பார்ப்பது, இரண்டு சானலும் எதிரெதிராக ஓடுகின்றனவா என்று காட்டும் ஃபேஸ் மீட்டரைத்தான்.

அடி பாஸை மோனோ ஆக்கச் சொல்வது இதற்காகத்தான். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இரண்டு சானலையும் ஒன்றாக்கினாலே பெரும்பாலும் போதும். அந்தத் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காது அவ்வளவாகக் கண்டுபிடிப்பதும் இல்லை, அதனால் நீங்கள் இழப்பது மிகக் கொஞ்சம்.

'ஸ', 'ச' விஷயம் இதைவிடச் சிக்கலானது. தட்டில் இசை அப்படியே வெட்டப்படுவதில்லை. பாஸை அப்படியே வெட்டினால் சால் நிலம் முழுக்க அலையும், மேல் ஒலிகளை அப்படியே வெட்டினால் தட்டின் இரைச்சலில் மூழ்கிவிடும். அதனால் வெட்டும்போது பாஸைக் குறைத்து மேல் ஒலியைக் கூட்டி, கேட்கும்போது ஆம்பிளிபயரின் ஃபோனோ பகுதி அதைத் தலைகீழாகத் திருப்புகிறது. 1954-இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கமான ஆர்ஐஏஏ இதற்கு ஒரே கோடு போட்டது, அதற்கு முன் கம்பெனிக்கு ஒரு கணக்கு. அந்தக் கோட்டின்படி 10,000 ஹெர்ட்ஸில் ஒலி கிட்டத்தட்ட 14 டெசிபல் கூடுகிறது. சக்தியில் பார்த்தால் இருபது மடங்குக்கு மேல். உங்கள் பாடகி ஒரு 'ஸ' சொல்லும்போது அந்தச் சின்னக் கம்பிச்சுருள்களுக்குள் பாய்கிற மின்சாரத்தை நினைத்துப் பாருங்கள். நியூமனின் எஸ்எக்ஸ் 74 போன்ற தலைகளுக்கு அதனால்தான் ஹீலியம் வாயு விட்டுக் குளிர்விக்கிறார்கள், காற்றைவிட அது சுமார் ஆறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். சுருள் எரிந்தால் அந்தத் தலையைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அப்படியே தலை தாங்கி வெட்டிவிட்டாலும், அவ்வளவு கூர்மையான வளைவை வாங்கியவர் வீட்டு ஊசி பின்தொடர முடியாமல் 'ஷ்ஷ்' என்று கிழியும். மிக்ஸிலேயே குரலுக்கு டீ-எஸ்ஸர், அதாவது 'ஸ', 'ச' கூர்மையை மட்டும் மழுக்கும் கருவி, போட்டுக் கொடுங்கள். மாஸ்டரில் போட்டால் ஜால்ராவும் ஹை-ஹாட்டும் சேர்ந்து மங்கும், அது உங்களுக்கே பிடிக்காது.

கடைசிப் பாட்டை ஏன் மாற்றச் சொல்கிறார்? தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் ஊசிக்குக் கீழே ஓடும் சாலின் வேகம் ஒன்றல்ல. வெளி விளிம்பில் நொடிக்கு 51 சென்டிமீட்டர், உள்ளே 21 சென்டிமீட்டர். 10,000 ஹெர்ட்ஸ் அலை ஒன்றுக்கு வெளியே 51 மைக்ரான் நீளம் கிடைக்கிறது, உள்ளே 21 மைக்ரானுக்குள் அதை மடித்து வைக்க வேண்டியிருக்கிறது. சாதாரண உருண்டை ஊசிமுனையின் ஆரமே 18 மைக்ரான், அது அந்த மடிப்புக்குள் நுழைய வழியில்லை. லேபிளை நெருங்க நெருங்கக் குரல் மங்கிப் பிசிறடிப்பதைப் பழைய தட்டுகளில் கேட்டிருப்பீர்கள். அதனால் ஆர்ப்பாட்டமான, ஜால்ரா நிறைந்த பாட்டை வெளியே வைத்து, குரலும் கிட்டாருமாக அமைதியாக ஓடும் பாட்டை உள்ளே வைப்பது பழைய வழக்கம். சிம்பனி எழுதியவர்கள் உச்சத்தை முடிவில் வைத்துவிட்டார்கள், அதை வெட்டுகிறவர்கள் இன்று வரை படுகிற பாடு எனக்குத் தெரியும்.

இனி எந்திரத்தின் வயது. அவரிடம் இருப்பது அநேகமாக நியூமன் விஎம்எஸ் 70 ஆக இருக்கும், பெர்லினில் செய்தது. அதற்குப் பின் விஎம்எஸ் 80 வந்தது, 1982-இல் விஎம்எஸ் 82 வந்தது, சிடி வந்ததோடு கதை முடிந்தது. 1980-களுக்குப் பிறகு நியூமன் புது லேத் செய்யவில்லை. அமெரிக்காவில் ஸ்கல்லி லேத்துகள் இருந்தன, அவையும் இன்று அருங்காட்சியகப் பொருள் வயதில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்போது ஜெர்மனியில் டி-560 என்று ஒரு சிறிய வெட்டும் கருவி செய்கிறார்கள், வைரமுனையால் நேராகப் பிளாஸ்டிக் தட்டிலேயே வெட்டுவது, ஒன்றிரண்டு பிரதி வேண்டியவர்களுக்கு மிக நல்லது. ஆனால் ஆயிரம் தட்டு அச்சடிக்க மாஸ்டர் வேண்டும் என்றால் இன்றும் பெரும்பாலும் போய்ச் சேருவது அந்தப் பழைய நியூமனிடம்தான். அவற்றைப் பழசு என்று ஒதுக்காதீர்கள். நன்றாகப் பராமரித்த விஎம்எஸ் 70 வெட்டுவதை உங்கள் வீட்டு ஊசியால் முழுதாகப் படிக்க முடியாது, தடை அந்தப் பக்கம் இருக்கிறது.

மாற்று வழி ஒன்று உண்டு. டெல்டெக் நிறுவனமும் நியூமனும் சேர்ந்து கொண்டுவந்த டிஎம்எம், அதாவது லாக்கருக்குப் பதில் எஃகுத் தகட்டின் மேல் படிந்த செம்பில் நேராக வெட்டுவது. ஊசி வைரம். செம்பு லாக்கரைப் போல வெட்டியபின் மெல்லத் திரும்பி வருவதில்லை, பக்கத்துச் சாலின் சத்தம் முன்னோடியாக மங்கலாகக் கேட்கும் 'முன்னெதிரொலி'யும் மிகவும் குறைவு, கொஞ்சம் கூடுதல் நேரமும் அடங்கும். உங்கள் 26 நிமிடத்தை எப்படியும் விட மாட்டேன் என்றால் செக் நாட்டு லோதெனிட்ஸேயில் ஜிஇசட் மீடியா போன்ற ஆலைகள் இதைச் செய்கின்றன, கேட்டுப் பாருங்கள். சிலருக்கு அதன் மேல் ஒலி கொஞ்சம் பளிச்சென்று இருப்பதாகத் தோன்றும், எனக்கும் ராக் இசைக்கு லாக்கர்தான் பிடிக்கும். ஆனால் செம்பிலும் 86 மில்லிமீட்டர் 86 மில்லிமீட்டர்தான்.

லாக்கர் தகடு செய்பவர்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. 2020 பிப்ரவரி 6 அன்று கலிபோர்னியாவில் பேனிங் என்ற ஊரில் இருந்த அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை தீயில் முழுதாக எரிந்தது. உலகத்துக்கு லாக்கர் தகடு கொடுத்தது இரண்டே இடம், மற்றது ஜப்பானில் எம்டிசி. வெட்டும் ஊசிகளும் அப்போலோவிலிருந்து வந்துகொண்டிருந்தன. ஒரே நாளில் பாதிக் கடை மூடிய மாதிரி ஆகிவிட்டது. அதனால் உங்களை அழைத்து மறுபடி மறுபடி 'உறுதியா, மாற்றம் எதுவும் இல்லையா' என்று அவர் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள், ஒவ்வொரு தகடும் எண்ணி வைத்த தகடு.

வெட்டி முடித்த லாக்கரை யாரும் ஊசி வைத்துக் கேட்க மாட்டார்கள். ஒருமுறை கேட்டாலே மென்மையான சுவர் தேய்ந்துவிடும். மைக்ரோஸ்கோப்பில் மட்டும் பார்த்து, பெட்டியில் போட்டு, கூடிய சீக்கிரம் முலாம் போடும் ஆலைக்கு அனுப்புவார்கள். அங்கே கழுவி, வெள்ளி தூவி, நிக்கல் தொட்டியில் இறக்கினால் நிக்கல் படிந்து தலைகீழ் அச்சு ஒன்று கிடைக்கும், அது 'தந்தை'. தந்தையிலிருந்து 'தாய்', தாயிலிருந்து ஸ்டாம்பர்கள், ஸ்டாம்பர்தான் பிளாஸ்டிக்கை அழுத்தும். தந்தையைப் பிரித்தெடுக்கும்போதே லாக்கரின் ஆயுள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

வீட்டில் பழைய இசைத்தட்டு இருந்தால் எடுத்து, கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவில் இருக்கும் வழுவழுப்பான வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எண்களும் எழுத்துகளும் தெரியும், சில தட்டுகளில் அச்சாக, சிலவற்றில் கையால் கீறியதாக. வெட்டியவர் லாக்கரிலேயே எழுதியது முலாமிலும் ஸ்டாம்பரிலும் நகலாகி உங்கள் தட்டு வரை வந்திருக்கிறது. அமெரிக்காவில் பாப் லட்விக் 'ஆர்எல்' என்று கீறிவந்தார், பிரிட்டனில் ஜார்ஜ் பெக்கம் 'போர்க்கி' என்று தன் செல்லப்பெயரை எழுதிவந்தார், அந்த எழுத்தைத் தேடித்தான் இன்றும் சேகரிப்பவர்கள் காசு கொடுக்கிறார்கள். ஒரே இசை, ஒரே டேப், ஆனால் வெட்டிய கை வேறு என்றால் தட்டு வேறு.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: ஆல்பத்தைப் பக்கத்துக்கு 20, 21 நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள், ஒரு பாட்டு மிஞ்சினால் டிஜிட்டலில் மட்டும் விடுங்கள். ஸ்ட்ரீமிங்குக்காக லிமிட்டரில், அதாவது சத்தத்தின் உச்சங்களை அமுக்கும் கருவியில், நசுக்கிய ஃபைலைக் கொடுக்காதீர்கள், அதை வெட்டினால் தட்டில் சத்தமும் கூடாது, உயிரும் இருக்காது. லிமிட்டர் போடாத 24 பிட் மாஸ்டரைக் கேட்டு வாங்கி அனுப்புங்கள். பாஸையும் குரலையும் மிக்ஸிலேயே சரிசெய்யுங்கள். முடிந்தால் ஒருநாள் அவருடைய அறைக்கு நேரிலேயே போய் உட்காருங்கள், பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அப்புறம் டெஸ்ட் பிரஸ்ஸிங், அதாவது ஆலை சோதனைக்காக அச்சடித்து அனுப்பும் தட்டு, வந்ததும் முதல் பாட்டைக் கேட்டு மகிழ்ந்து ஒப்புதல் கொடுத்துவிடாமல், இரண்டு பக்கத்திலும் லேபிளை ஒட்டிய கடைசி மூன்று நிமிடத்தைச் சாதாரண ஊசி ஒன்றிலும் நல்ல ஊசி ஒன்றிலும் போட்டுக் கேளுங்கள். குரல் அங்கே தெளிவாக இருந்தால் ஆலைக்குச் சரி சொல்லிவிடலாம்.